ஜான் கம்பெனி (பலகை விளையாட்டு)

ஜான் கம்பெனி என்பது பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ஓர் உத்திசார் பலகை விளையாட்டு ஆகும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கோல் வெர்லி என்பவர் இதனை வடிவமைத்தார். இதன் முதற் பதிப்பு 2017 ஆம் ஆண்டிலும், பெரிதும் திருத்தி அமைக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 2022 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒருவர் முதல் ஆறு பேர் வரை இதனை விளையாடலாம்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் இங்கிலாந்தின் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றின் இடத்தில் இருந்து ஆடுகின்றனர். கம்பெனியில் பதவிகளைப் பெற்று, அவற்றின் மூலம் தத்தம் குடும்பத்தின் செல்வத்தையும் மதிப்பையும் உயர்த்துவதே அவர்களது நோக்கமாகும். ஆட்டத்தின் பெரும்பகுதி நிகழ்வுகள் இந்தியாவில் நடைபெற்றாலும், இந்தியர் தரப்பில் ஆடுவதற்கு எவரும் இல்லை. இவ்வமைப்பே இவ்விளையாட்டைப் பற்றிய பாராட்டுகளுக்கும் கண்டனங்களுக்கும் முதன்மைக் காரணமாக உள்ளது.

பெயர்

"ஜான் கம்பெனி" என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய பட்டப்பெயர் ஆகும். தமிழ்நாட்டில் அதே நிறுவனம் "கும்பினி" என்றும், அதன் ஆட்சி "கும்பினி ஆட்சி" என்றும் வழங்கப்பட்டன. கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல்களிலும் நாடகங்களிலும் "கும்பினியார்" என்ற சொல் பரவலாகக் காணப்படுகின்றது.

உருவாக்கம்

கோல் வெர்லி ஆங்கில இலக்கியம் பயின்றவர். பேரரசுகளையும் வணிகத்தையும் பற்றிய வேறு சில விளையாட்டுகளையும் அவர் வடிவமைத்துள்ளார். 19 ஆம் நூற்றாண்டு ஆப்கானித்தானத்தைக் களமாகக் கொண்ட "பாக்ஸ் பாமிர்" (2015), சீனாவில் நடந்த அபின் வணிகம் பற்றிய "ஆன் இன்ஃபேமஸ் டிராஃபிக்" (2016) ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

முதற் பதிப்பைச் சியரா மாத்ரே கேம்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. பின்னர் வெர்லி தம் உடன்பிறந்தாரான ட்ரூ வெர்லியுடன் இணைந்து வெர்லிகிக் கேம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தலானார். 2021 இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாகப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, இரண்டாம் பதிப்பு அந்நிறுவனத்தின் மூலம் வெளியிடப்பட்டது.

ஆட்டமுறை

ஆட்டத்தை மூன்று காலப்புள்ளிகளில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். அவை 1710, 1758, 1813 என்பனவாகும். இவற்றுள் 1758 பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டு. 1813 கம்பெனியின் இந்திய வணிகத் தனியுரிமையைப் பிரித்தானிய நாடாளுமன்றம் நீக்கிய ஆண்டு.

ஆட்டக்காரர்கள் தம் குடும்ப உறுப்பினர்களை எழுத்தர்களாகவும் படை அலுவலர்களாகவும் கம்பெனிக்கு அனுப்புகின்றனர். கம்பெனியின் பங்குகளை வாங்குதல், கப்பல் கட்டும் தளங்களை வைத்திருத்தல் போன்ற வழிகளிலும் அவர்கள் ஈடுபடலாம். கம்பெனியின் தலைவர், வணிகப் பொறுப்பாளர், கப்பல் பொறுப்பாளர், படைத்துறைப் பொறுப்பாளர், வங்காளம், பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று மாகாணங்களின் தலைவர்கள் எனப் பதவிகள் பல உள்ளன. ஒரு பதவிக்கு யாரை அமர்த்துவது என்பதை மற்றொரு பதவியில் இருப்பவர் முடிவு செய்கின்றார். ஆகவே பேரம் பேசுதல், வாக்குறுதி அளித்தல், உறவினருக்குச் சலுகை காட்டுதல் ஆகியன ஆட்டத்தின் இயல்பான பகுதிகளாக அமைகின்றன.

கம்பெனியின் பணத்தைத் தலைவர் பதவியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றார். ஒரு பதவியாளர் வணிகம் மேற்கொள்ளும்போது, தாம் செலவிடும் பணத்திற்கு ஏற்ற எண்ணிக்கையில் பகடைகளை உருட்டுகின்றார். அவற்றுள் மிகக் குறைந்த எண் 1 அல்லது 2 ஆனால் முயற்சி வெற்றி பெறும். 3 அல்லது 4 ஆனால் தோல்வி. 5 அல்லது 6 ஆனால் பெருந்தோல்வி. இங்கு கவனிக்க வேண்டியது, பகடைக்குச் செலவாகும் பணம் கம்பெனியினுடையது. கிடைக்கும் ஆதாயத்தில் பதவியாளரின் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

வெற்றிப் புள்ளிகள்

கம்பெனியை வளர்ப்பதால் மட்டும் எவரும் வெற்றி பெறுவதில்லை. பதவியில் இருந்து ஓய்வு பெறும் குடும்ப உறுப்பினர், சேர்த்த பணத்தைக் கொண்டு இங்கிலாந்தில் மாளிகை போன்ற மதிப்புக்குரியவற்றை அடைகின்றார். அவற்றின் மூலமே பெரும்பாலான வெற்றிப் புள்ளிகள் கிடைக்கின்றன. கம்பெனியின் நிதிநிலை மிகவும் சீர்கெட்டால் கம்பெனியே வீழ்ந்து ஆட்டம் முடிந்துவிடும். அனைவரும் கம்பெனியைச் சுரண்டவும் வேண்டும், அதனை உயிருடன் வைத்திருக்கவும் வேண்டும் என்ற முரண்பாடே ஆட்டத்தின் அடிப்படையாகும்.

பலகையில் இந்தியா

பலகையில் இந்தியா எட்டுப் பகுதிகளாகக் காட்டப்பட்டுள்ளது. வங்காளம், பம்பாய், மதராஸ், தில்லி, ஐதராபாத், மைசூர், மராத்தா, பஞ்சாப் என்பன அவை. இப்பகுதிகளின் அரசுகள் தமக்குள் போரிடும், பேரரசாக விரியும், சிதையும். கம்பெனி கைப்பற்றிய பகுதிகளில் கலகங்கள் எழும். ஆனால் இவை யாவும் யானை உருவம் கொண்ட ஒரு குறிகாயின் நிலை, சீட்டுகள், பகடை ஆகியவற்றைக் கொண்டு விதிகளின்படி தாமாகவே நிகழ்வன.

தமிழ்நாட்டின் மரபு விளையாட்டான ஆடு புலி ஆட்டத்துடன் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். ஆடு புலி ஆட்டத்திலும் இரு தரப்பும் சமவலிமை உடையன அல்ல. மூன்று புலிகளை ஒருவரும், பதினைந்து ஆடுகளை மற்றொருவரும் ஆடுவது வழக்கம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட இயலாது. எனினும் ஆட்டின் தரப்பில் சிந்திக்க ஒருவர் இருக்கின்றார். ஆடுகள் ஒன்று சேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்து வெல்லவும் முடியும். ஜான் கம்பெனியில் புலிகளின் தரப்பில் மட்டுமே ஆட்டக்காரர்கள் உள்ளனர்.

வரலாற்றுடன் ஒப்பீடு

எழுத்தராகத் தொடங்கி, பொருள் சேர்த்து, இங்கிலாந்து திரும்பிச் செல்வாக்குப் பெறுதல் என்ற ஆட்டத்தின் பாதை கற்பனையானது அன்று. ராபர்ட் கிளைவ் 1744 இல் எழுத்தராகவே சென்னைக்கு வந்தார். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இந்தியாவில் வாங்கிய பெரிய வைரம் ஒன்றை 1717 இல் பிரான்சின் அரசப் பொறுப்பாளருக்கு விற்றார். அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிற்காலத்தில் பிரித்தானியாவின் தலைமை அமைச்சர்கள் ஆயினர்.

தென்தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஆற்காட்டு நவாபின் கடன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனிக்கு மட்டுமன்றி, கம்பெனி ஊழியர்கள் பலருக்குத் தனிப்பட்ட முறையிலும் பெரும் கடன்பட்டிருந்தார். கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவரான பால் பென்ஃபீல்டு, பின்னர் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். இக்கடன்களைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1785 இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை புகழ் பெற்றது.

நவாபின் கடனுக்கு ஈடாக இருந்தது கர்நாடகப் பகுதியின் நில வருவாய் ஆகும். 1781 இல் அவ்வருவாய் சில ஆண்டுகளுக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் திறை தண்டும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. ஒட்டப்பிடாரத்துக்கு அருகில் உள்ள பாஞ்சாலங்குறிச்சியின் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனுடன் திறை நிலுவை குறித்து ஏற்பட்ட பூசல் போராக முற்றியது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக் கோட்டையை மீண்டும் கட்டினார். அவ்வாண்டில் அவர் தரப்பினர் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். அவ்வாண்டு முடிவதற்குள் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். கர்நாடகப் பகுதி முழுவதும் 1801 இலேயே கம்பெனி ஆட்சியின் கீழ் வந்தது.

விளையாட்டில் இவை போன்ற நிகழ்வுகள் மதராஸ் பகுதியில் ஏற்படும் கலகமாக மட்டுமே தோன்றுகின்றன. கலகத்துக்கு எதிராக நிற்கும் படைகள் போதுமானவையா என்பதே அப்போது ஆட்டக்காரர் முன் உள்ள கேள்வி. கலகம் செய்தவர் யார், ஏன் செய்தனர் என்பது கேட்கப்படுவதில்லை.

முத்துக்குளித்துறைக் கடற்கரை

ஒரு நிலப்பரப்பை ஒரு கட்டமாகச் சுருக்கும்போது எவை மறைகின்றன என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை மற்றொரு சான்றாகும். 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரின் செல்வாக்குக்கு உட்பட்ட இக்கடற்கரையின் முதன்மைத் துறையான தூத்துக்குடியை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இடையில் சில முறை கை மாறிய தூத்துக்குடி, 1825 இல் நிலையாக ஆங்கிலேயர் வசமானது. எனவே ஆட்டம் 1710 இல் தொடங்கும்போது, மதராஸ் என்று காட்டப்படும் பகுதியின் தெற்கே உள்ள இத்துறைமுகம் கம்பெனியின் போட்டி நிறுவனமான ஒல்லாந்துக் கம்பெனியின் கையில் இருந்தது.

இக்கடலின் முத்துச் சிப்பிப் படுகைகள் "பார்" எனப்படுகின்றன. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு கயிற்றின் துணையுடன் கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைச் சேகரிப்பார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பார். கயிற்றைப் பிடிப்பவரின் கவனத்திலேயே குளிப்பவரின் உயிர் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்பவர்களுக்கும் சென்றன. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டது. இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின்னர் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் கடலுக்குள் மூழ்கும் தொழில் மறைந்துவிடவில்லை. தூத்துக்குடி நகரின் வடபகுதியில் உள்ள மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்தில் சங்குகுளிப்போர் இன்றும் வாழ்கின்றனர்.

ஜான் கம்பெனியின் பலகையில் இந்தியாவின் வணிகம், நிறைவேற்ற வேண்டிய கொள்முதல் ஆணைகளாகவும் அவற்றின் மதிப்பைக் குறிக்கும் எண்களாகவும் இடம் பெறுகின்றது. சரக்கை விளைவித்தவரோ, நெய்தவரோ, கடலில் மூழ்கி எடுத்தவரோ அதில் இல்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை ஒத்த பார்வை இது.

சர்ச்சைகள்

இவ்விளையாட்டைப் பற்றி இரு வகைக் கருத்துகள் நிலவுகின்றன.

ஆதரவாளர்களின் கருத்துப்படி, இது பேரரசைப் போற்றும் விளையாட்டு அன்று. அதனை எள்ளி நகையாடுவது. இலண்டனில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தியா எவ்வாறு தெரிந்ததோ அவ்வாறே பலகையிலும் தெரிகின்றது. நல்லியல்புடைய ஆட்டக்காரரும் சிறிது நேரத்திலேயே, ஒரு பதவிக்காகத் தேவையற்ற படையெடுப்பு ஒன்றுக்கு இசைந்துவிடுகின்றார். தனிமனிதரின் கொடுமை இன்றியும், ஆதாயத்தைத் தேடும் அமைப்பு ஒன்றே பெருங்கேட்டை விளைவிக்கும் என்பதை நூலைவிட இது நேரடியாக உணர்த்துகின்றது என்பர். கருப்பொருளைக் கருதி இவ்விளையாட்டு அனைவருக்கும் ஏற்றதாக இராது என்றும், உடன் ஆடுபவர்களின் இசைவைப் பெற்ற பின்னரே ஆட வேண்டும் என்றும் வெளியீட்டாளர்களே அறிவுறுத்தியுள்ளனர்.

எதிர்ப்பவர்கள், நோக்கம் எள்ளலாக இருப்பினும் ஆட்டத்தின் இன்பம் வெற்றியிலேயே உள்ளது எனச் சுட்டுகின்றனர். மாளிகை வாங்கியவர் மகிழ்கின்றார். அதற்கான விலையைக் கொடுத்தவர் மேசையில் இல்லாததால் அம்மகிழ்ச்சிக்குத் தடை எழுவதில்லை. கம்பெனி ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, தம் முன்னோர் விதிகளால் இயங்கும் இடையூறாக மட்டும் காட்டப்படுவது ஏற்புடையதாக இல்லை. மேலும், வரலாற்றை முன்பே அறிந்தவர்களுக்கே எள்ளல் புரியும். அறியாதவர்களுக்கு அது வெறும் வணிக ஆட்டமாகவே முடியும் என்பதும் ஒரு வாதமாகும்.

இவ்விரு கருத்துகளும் பலகையின் ஒரே பண்பையே சுட்டுகின்றன. இந்தியர் தரப்பில் எவரும் ஆடாமை கம்பெனியின் பார்வையை உண்மையாகக் காட்டுகின்றது. அப்பார்வைக்கு வெளியே இருந்தவற்றை அதே காரணத்தால் காட்ட இயலாமற் போகின்றது. எனவே இதனை வரலாற்றுப் பாடத்தில் பயன்படுத்த விரும்புவோர், பாளையக்காரர் போர்கள், நெசவாளர், முத்துக்குளிப்போர் ஆகியோர் பற்றிய நூல்களையும் உடன் வாசிப்பது பயனுள்ளதாகும்.

பிற விளையாட்டுகள்

காலனியக் கருப்பொருள் கொண்ட பிற பலகை விளையாட்டுகளும் இத்தகைய விவாதங்களுக்கு உள்ளாகியுள்ளன.

* புவேர்ட்டோ ரிக்கோ (2002): தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் வந்திறங்கும் பழுப்பு நிற வில்லைகள் "குடியேறிகள்" எனப்பட்டன. அவை அடிமைகளையே குறிக்கின்றன என்ற கண்டனம் எழுந்தது. 1897 ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு மாற்றி அமைக்கப்பட்ட பதிப்பு 2022 இல் வெளிவந்தது.
* ஃபைவ் டிரைப்ஸ் (2014): இதில் இருந்த அடிமைச் சீட்டுகள் பிந்திய பதிப்புகளில் பக்கிரிச் சீட்டுகளாக மாற்றப்பட்டன.
* மொம்பாசா (2015): ஆப்பிரிக்காவில் வணிக நிறுவனங்கள் விரிவதைப் பற்றியது. இதன் ஆட்டமுறை 2022 இல் விண்வெளிச் சுரங்கங்களைப் பற்றிய "ஸ்கைமைன்ஸ்" என்ற விளையாட்டாக மாற்றப்பட்டது.
* ஸ்கிராம்பிள் ஃபார் ஆப்பிரிக்கா: ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் பங்கிட்டதைப் பற்றிய இவ்விளையாட்டை வெளியிடும் திட்டத்தை, எழுந்த கண்டனங்களை அடுத்து 2019 இல் ஜிஎம்டி கேம்ஸ் நிறுவனம் கைவிட்டது.
* ஸ்பிரிட் ஐலண்ட் (2017): இதில் ஆட்டக்காரர்கள் ஒரு தீவின் காவல் ஆவிகளாக இருந்து, தீவு மக்களுடன் சேர்ந்து குடியேறிகளை விரட்டுகின்றனர். இங்கு விதிகளால் தாமாக இயங்குபவர்கள் குடியேறிகளே.

இவற்றையும் பார்க்க

* கிழக்கிந்தியக் கம்பெனி
* பாளையக்காரர் போர்கள்
* முத்துக்குளித்தல்
* சுதேசி நாவாய்ச் சங்கம்
* ஆடு புலி ஆட்டம்