முப்பத்தோராம் நாள்

லண்டனிலிருந்து சுவிஸில் பேர்ண் நகரத்தில் இருக்கும் அண்ணா வீட்டுக்குக் காரில் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஃபோக்ஸ்டனில் காரோடு ரயில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே. ஒரு கோடையில் மட்டும் பிள்ளைகளின் விடுமுறை முழுவதும், ஆறு கிழமை, அங்கேயே நிற்பதென்று வெளிக்கிட்டோம். முழுக் காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் எதையும் விசாரிக்கவில்லை.

34ஆம் நாள், நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது கார் கொங்கிரீட் தூணில் இடித்து, பின்கதவு உள்ளே அமுங்கிவிட்டது. காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்தேன். "எத்தனையாம் திகதி பிரித்தானியாவை விட்டுப் போனீர்கள்?" அதுதான் முதல் கேள்வி. எங்கள் ஒப்பந்தப்படி, வெளிநாட்டில் முழுக் காப்புறுதி ஒரு பயணத்துக்கு 30 நாள்தான். 31ஆம் நாளிலிருந்து மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். தூணுக்குச் சேதமென்றால் அவர்கள் கட்டுவார்கள்; கதவை நாங்கள்தான் திருத்த வேண்டும்.

2021 ஆகஸ்ட் 2 முதல் பிரித்தானியக் காரில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகப் பச்சை அட்டை, அதாவது வெளிநாட்டில் காப்புறுதிக்குச் சான்றான பத்திரம், தேவையில்லை. பிரித்தானியாவில் எடுத்த எந்தக் காப்புறுதியும் அங்கேயும் சுவிஸிலும் செல்லும். ஆனால் சட்டம் உறுதியாகத் தருவது அந்த மூன்றாம் தரப்பு அளவை மட்டுமே. அதற்கு மேல் எத்தனை நாள் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம்: 30, 60, 90 என்று மாறும். சிலர் ஒரு பயணத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள், சிலர் வருடத்துக்கு. துருக்கி, மொரோக்கோ போவதென்றால் பச்சை அட்டை இன்றும் வேண்டும்.

நாள் கணக்கு மட்டுமல்ல, யார் ஓட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் கார்த் திறப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். "நீ களைச்சுப் போனாய், தா நான் ஓடுறன்" என்பார் அண்ணா. அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த அன்பு எவ்வளவு ஆபத்து! வழியில் கார் நின்றுவிட்டால் இழுத்துப் போகும் சேவைக்கும் பெரும்பாலும் தனியாகக் கட்ட வேண்டும். பிரான்ஸின் நெடுஞ்சாலைகளில் அனுமதி பெற்ற வண்டிதான் இழுக்கலாம்; ஓரத்திலுள்ள செம்மஞ்சள் தொலைபேசியில் கூப்பிடலாம்.

இந்த வருடம் 44 நாள் பயணம். போகும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்து எண்ணி, மேலதிகப் பணம் கட்டி நீடித்தேன். தொலைபேசியில் சொன்னதோடு விடாமல், மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். அதன் அச்சுப் பிரதி இப்போது வாகனப் பதிவுப் புத்தகத்தோடு காரில் இருக்கிறது.