சோழிகளில் அடங்கிய சந்திரன்: 1600984 என்னும் எண்

இன்று கோரிமேடு வரை பரந்திருக்கும் புதுவை நகரில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். அதைப் பதிவு செய்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜான் வாரன். அவருடைய ‘கால சங்கலித’ என்னும் நூல் 1825இல் சென்னையில் வெளிவந்தது.

அக்கணக்கின் முதற்படி 1600984 என்னும் எண். கலியுகத் தொடக்கம் முதல் இத்தனை நாள்கள் கழிந்த நாள், கி.பி. 1282 மே 22. வாக்கிய முறைப்படி, அன்று சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான உச்சத்தை ஒட்டி நின்றது. இவ்வெண்ணின் பகாக் காரணிகள் 2×2×2×7×11×23×113 ஆகும். கலியுகம் வெள்ளிக்கிழமை தொடங்கியதாகக் கொள்வது மரபு. எண் 7ஆல் மீதியின்றி வகுபடுவதால் அந்த நாளும் வெள்ளிக்கிழமையே.

பிறைக்குப் பிறை நாம் எண்ணும் மாதம் ஏறத்தாழ 29.53 நாள். சந்திரன் உச்சத்திலிருந்து மீண்டும் உச்சத்தை அடைவதற்கோ 27.55 நாள் போதும். இத்தகைய 9 சுற்றுகள் 248 நாளுக்கும், 110 சுற்றுகள் 3031 நாளுக்கும், 449 சுற்றுகள் 12372 நாளுக்கும் மிக நெருங்கி முடிகின்றன. பின்னத்தை விலக்கி முழு எண்களால் கணக்கிட வழி இதுவே.

1825 மே 31ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அதன் கலிநாள் 1799312. இதில் 1600984ஐக் கழித்தால் 198328. அதை 12372ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 376. மீதியில் 3031 அடங்காது. 248 ஒருமுறை அடங்கும். எஞ்சுவது 128. மனனம் செய்த 248 வாக்கியங்களுள் 128ஆவது வாக்கியமும், ஈவுகளுக்குரிய திருத்தங்களும் சந்திரனின் இருப்பிடத்தைத் தந்துவிடும். பதினெட்டு இலட்சம் நாள்கள் ஒரு சிறு மீதியில் ஒடுங்கிவிட்டன!

எண்களின் பெயர்களும் கருதத்தக்கவை. 248க்குத் ‘தேவரம்’ என்று பெயர். கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து படித்தால் 248. ‘காலநிலம்’ இவ்வாறே 3031 ஆகிறது. அப்ஜத் எழுத்தெண்களை அறிந்த நமக்கு இவ்வுத்தி அந்நியமன்று.

அன்றிரவு நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தைக் கணிதர் நான்கு நிமிடப் பிழையில் கூறினார். நடுவில் 23, முடிவில் 52 நிமிடங்கள் பிழைத்தன. வானியல் கோட்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறிக்கிறார்.

ஆயினும், 248, 3031 என்னும் அதே எண்கள் உரோமர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் காணப்படுகின்றன. அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் வாரனின் பதிவை ஆராய்ந்தார். நூல்கள் அழிந்த இடத்திலும் மனனம் கணக்கைக் காத்தது. அதன் காரணத்தைக் காக்கவில்லை. மனனமும் விளக்கமும் இணைந்து கைமாறும்போதுதான் கல்வி முழுமை பெறுகிறது என்பதைப் புதுவைச் சோழிகள் நமக்கு உணர்த்துகின்றன.