மின்சாரத்தின் போக்கும் வரவும்

மின்சாரம் இருவகைப்படும். மின்கல அடுக்கிலிருந்து ஒரே திசையில் ஓடுவது நேர்திசை மின்சாரம். நம் இல்லங்களில் விளக்கெரிப்பதோ, நொடிக்கு 50 முறை போய்த் திரும்பும் மாறுதிசை மின்சாரம். மிகுந்த மின்னாற்றலை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல நேர்திசை மின்சாரமே சிக்கனமானது. ஆதலின், அத்தகைய வழியின் இரு முனைகளிலும் ஒன்றை மற்றொன்றாக்கும் நிலையங்கள் வேண்டும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகலூர் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளும் வழி இவ்வகையினது. 2021ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இது, 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் ஆற்றலைச் சுமக்க வல்லது. வடக்கிலிருந்து மின்சாரம் இதன் வழியே வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் நம் காற்றாலைகள் மிகுதியாக ஈனும் மின்சாரம் வடக்கே செல்லவும் வேண்டும். அதற்கு வேறு நிலையம் வேண்டுமோ? வேண்டுவதில்லை. ஒரே கருவி இரு தொழிலையும் செய்கிறது. எங்ஙனம்?

ஊஞ்சல் ஆட்டும் கையைக் கருதுங்கள். ஊஞ்சல் அப்பால் செல்லும்போது தள்ளினால், கையின் ஆற்றல் ஊஞ்சலைச் சேரும். எதிர்த்து வரும்போது அதே திசையில் தள்ளினால், ஊஞ்சலின் ஆற்றலைக் கை வாங்கிக்கொள்ளும். தள்ளிய திசை மாறவில்லை, வேளையே மாறிற்று.

இங்கே கை என்பது மின்னோட்டம். ஊஞ்சல் என்பது மாறுதிசை அழுத்தம். ஓட்டத்தை ஒரே திசையில் விடும் வாயில், தைரிஸ்டர் என்னும் சிலிக்கான் சாதனம். அதனைத் திறக்கும் சைகையை 5 மில்லிநொடிக்குமேல், அதாவது கால் சுற்றுக்குமேல், தாமதித்தால் நேர்திசை அழுத்தம் தலைகீழாகும். ஓட்டத்தின் திசை மாறாமலே ஆற்றலின் திசை மாறிவிடும்.

ஆயினும் தாமதத்துக்கு எல்லையுண்டு. திறந்த தைரிஸ்டர் சைகையால் மூடாது. ஓட்டம் அற்ற பின்னரே மூடும். ஓட்டம் அடுத்த வாயிலுக்கு மாறவும், முன்னது தடுக்கும் வலிமை பெறவும் அவகாசம் வேண்டும். 10 மில்லிநொடி எல்லைக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிநொடியேனும் மிச்சம் வைக்காவிடில், ஓட்டம் பழைய வாயிலிலேயே சிக்கி, ஆற்றல் தடைப்படும். மின்வலையில் அழுத்தம் திடீரெனத் தாழும்போதும் இவ்விடர் நேரும். எனவே, எவ்வளவு தாமதிக்கலாம் என்பதே வடிவமைப்போர் முன்நிற்கும் வினா.

புகலூரிலிருந்து திருச்சூர் செல்லும் 2,000 மெகாவாட் வழியிலோ டிரான்சிஸ்டர் வகைச் சாதனங்கள் உள்ளன. சைகையாலேயே அவற்றைத் திறக்கவும் மூடவும் இயலும். அங்கே அழுத்தம் நிலைத்து நிற்க, ஓட்டமே திசை மாறுகிறது.

இரு முறைகளிலும் வெற்றி கணத்தைத் தேர்வதில் உள்ளது. காலமறிதல் அரசர்க்கு மட்டுமன்று, பொறிஞர்க்கும் உரிய அறிவே.