வெப்ப நாட்டில் நாய் வளர்ப்பும் பழக்கமும்



நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வாலைப் பொறுத்தவரையில் அது மெய்யே. ஆனால், வாலுக்குரிய பிராணியின் நடத்தையைப் பற்றியும் நம்மிற் பலர் அவ்வாறே எண்ணி, "இந்த நாய் திருந்தாது" என்று விரைவில் முடிவு கட்டிவிடுகின்றனர். சிலர் அதனை இரவும் பகலும் சங்கிலியிற் பிணைத்து வைக்கின்றனர். வேறு சிலர் சந்தைக்கருகிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுகின்றனர். விடப்பட்ட நாய் தெருநாய்க் கூட்டத்திற் சேர்கின்றது, தடுப்பூசியின்றித் திரிகின்றது, குட்டிகளை ஈனுகின்றது. ஒரு வீட்டு நாய் நன்கு பழக்கப்படாமற் போவதனால் வரும் தீங்கு அவ்வீட்டு வேலிக்குள் அடங்கிவிடுவதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, நாய் வாங்கியவர்கள் அதனைப் பழக்குவதற்குத் தகுந்த ஒருவரைத் தேடுவது நல்லதே. எனினும், பழக்குபவரைத் தேடுமுன் வளர்ப்பவர் தாமே அறிந்துகொள்ள வேண்டிய சில உண்டு. அவற்றை அறியாதவருக்கு எவ்வளவு திறமையான பழக்குநர் கிடைத்தாலும் பயனில்லை.

முதலாவது, நாம் வாழும் நாட்டின் வெப்பம். மனிதன் உடல் முழுவதும் வியர்த்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறான். நாய்க்கோ அவ்வகை வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் உள்ளங்கால்களிலேயே உள்ளன. ஆதலால் அது வாயைத் திறந்து, நாவை நீட்டி, விரைவாக இளைப்பதன் மூலமே தன் உடலைக் குளிரச் செய்கின்றது. வாயிலும் நாவிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகின்றது. காற்றிலே ஈரப்பதன் மிகுந்திருந்தால் அவ்வாறு ஆவியாவது தடைப்படும். கொழும்பு போன்ற கரையோர ஊர்களில் வெயில் அவ்வளவு கடுமையாகத் தோன்றாத நாளிலும் நாய் தளர்ந்து விழுவதற்குக் காரணம் இதுவே. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ் ஆகும். அது 41 பாகையைத் தாண்டுமாயின் உயிருக்கே மோசம் நேரலாம். ஓயாத இளைப்பு, தடித்த எச்சில், தள்ளாட்டம், முரசு கடுஞ்சிவப்பாதல் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலைத் தண்ணீரால் நனைத்து, விசிறி, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

எனவே, நம் நாட்டில் நாயின் நடையும் பயிற்சியும் காலை ஏழு மணிக்கு முன்னரும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னருமே நடைபெறுதல் வேண்டும். தார் வீதியில் நம் புறங்கையை ஐந்தாறு விநாடி வைத்துப் பார்த்தல் நன்று. நமது கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. நண்பகலில் வீதியில் நடக்க மறுத்து உட்கார்ந்துவிட்ட நாயைப் பிடிவாதக்காரன் என்று இழுத்துச் செல்வோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

எந்த இனத்து நாயை வளர்ப்பது என்பதும் இதனோடு தொடர்புடையதே. பக், புல்டோக் முதலிய தட்டை முகமுடைய நாய்களுக்கு மூச்சுவழி ஒடுங்கியிருப்பதால் வெப்பம் மிகவும் ஆகாது. அடர்ந்த உரோமமுடைய அல்சேஷன் நுவரெலியாவிற் சுகமாக வாழும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். குறுகிய உரோமமும் மெலிந்த உடலும் கொண்ட நமது ஊர்நாயோ தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே வாழ்ந்து பழகியது. புத்தியிலும் அது எந்த நாய்க்கும் குறைந்ததன்று. அதனைப் பழக்க இயலாது என்பது அதனைப் பழக்கிப் பாராதவர் கூற்று.

இரண்டாவது, நோய். வெப்ப நாட்டில் உண்ணிகளுக்கு ஓய்வுகாலம் இல்லை. ஆண்டு முழுவதும் அவை பெருகும். பெண் உண்ணி இரத்தம் குடித்து விழுந்தபின், சுவர் வெடிப்புகளிலும் கூட்டின் மூலைகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயின் உடலை மாத்திரம் சுத்தஞ் செய்தால் போதாது. அது படுக்கும் இடத்தையும் சுத்தஞ் செய்தல் வேண்டும். உண்ணியினால் வரும் காய்ச்சல் நாயின் இரத்தத்தையே கெடுப்பது. முரசு வெளுத்தல், சோர்வு, உணவில் வெறுப்பு, சில வேளைகளில் மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியன அதன் குறிகள். நேற்று வரை அழைத்தவுடன் ஓடிவந்த நாய் இன்று எழுந்திராவிட்டால் அது கீழ்ப்படியாமை என்று எண்ணற்க. அதன் முரசைப் பாருங்கள்.

இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரையே தாங்கிய ஒருவகைக் கொளுக்கிப்புழுவும் உண்டு. 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் விஞ்ஞானி அதற்கு அன்சைலொஸ்தோமா சிலானிக்கம் எனப் பெயரிட்டார். நாயின் குடலில் வாழும் இப்புழு மனிதரையும் தொற்றக்கூடியது. ஆதலால் குட்டிகளுக்கு உரிய காலத்திற் புழுமருந்து கொடுத்தல், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் நாயின் மலம் கிடவாமற் பார்த்துக்கொள்ளல் ஆகியன வீட்டாரின் நன்மைக்கே ஆவன.

எல்லாவற்றினும் கொடியது விசர்நாய்க்கடி நோய். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் பரவியதன் பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் முற்றாக ஒழியவில்லை. நோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. கடிபட்டவுடன் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நாய்க்கோ வைத்தியர் குறிக்கும் வயதில் முதலூசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் தவறாது போடுவித்தல் வேண்டும்.

இனி, பழக்கும் முறைக்கு வருவோம். அடியாத மாடு படியாது என்னும் எண்ணம் நெடுங்காலமாக உலகெங்கும் இருந்து வந்தது. ஜெர்மானியப் பொலிஸ் அதிகாரியான கொன்ராட் மோஸ்ட் என்பார் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், வற்புறுத்தலுக்கும் தண்டனைக்கும் பெரியதோர் இடம் கொடுத்தது. பின்னர், ஓநாய்க் கூட்டத்திலே வலியது ஒன்று மற்றவற்றை அடக்கி ஆள்வதுபோல, வீட்டிலே மனிதன் நாயை அடக்கி ஆளவேண்டும் என்னும் கொள்கையும் பரவிற்று. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அக்கொள்கை பரவுவதற்கு ஒரு காரணமாயிற்று. ஆயினும் அவரே காட்டு ஓநாய்களை நெடுங்காலம் கூர்ந்து நோக்கியபின், 1999ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி எழுதினார். காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று அவர் காட்டினார்.

ஒரு செயலைச் செய்தவுடன் நன்மை கிடைக்குமாயின், நாய் அச்செயலை மீண்டும் செய்யும். பழக்கும் கலை முழுவதும் இவ்வொரு விதியில் அடங்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு பொம்மையையும் உணவுத் துண்டுகளையும் கொண்டு எவரும் நாயைப் பழக்கலாம் என்று விளக்கினார். இங்கே நேரமே முக்கியமானது. நாய் உட்கார்ந்த அக்கணத்திலேயே பரிசு கிடைக்கவேண்டும். காலையிலே கிழித்த செருப்புக்கு மாலையிலே அடித்தால், அந்த அடி எதற்கு என்று நாய்க்கு விளங்காது. "செய்த குற்றத்தை உணர்ந்து தலைகுனிகிறது" என்று நாம் கருதுகிறோம். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2009ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தார். குற்றம் செய்யாத நாயும் எசமானர் ஏசியபோது அவ்வாறே தலைகுனிந்தது. அது குற்ற உணர்ச்சி அன்று. நமது கோபத்தைக் கண்ட அச்சமே.

குட்டிப் பருவத்தின் அருமையையும் மறத்தலாகாது. ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூன்றாம் கிழமை முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம். குழந்தை, முதியவர், மீன்காரரின் சைக்கிள் மணி, முச்சக்கர வண்டி, இடியோசை யாவற்றையும் அது அப்பொழுதே அச்சமின்றி அறிந்துகொள்ளல் வேண்டும். ஆனால், நம் ஊர்களில் இங்கே ஓர் இக்கட்டு உண்டு. தடுப்பூசிகள் முற்றுப்பெறாத குட்டியைத் தெருநாய்கள் நடமாடும் நிலத்தில் விட்டால், பார்வோ என்னும் வயிற்றுப்போக்கு நோய் தொற்றி உயிரைக் கொண்டுபோகும். அதற்காகக் குட்டியை வீட்டுக்குள் அடைத்து வைத்தால் அது அச்சமுள்ள நாயாக வளரும்; அச்சமுள்ள நாயே பின்னாளிற் கடிக்கும் நாய். குட்டியைக் கையில் ஏந்தி வாசலில் நின்று உலகத்தைக் காட்டுவது இதற்கு எளிய வழி.

இவ்வளவும் அறிந்தபின் பழக்குபவரைத் தேடலாம். இத்தொழில் செய்வதற்குப் பெரும்பாலான நாடுகளிற் சட்டப்படியான அனுமதிப்பத்திரம் எதுவும் வேண்டுவதில்லை. யாரும் பலகை எழுதித் தொங்கவிடலாம். ஆதலால் சோதித்து அறியும் கடமை நம்முடையதே. முதலில் மிருக வைத்தியரிடம் விசாரியுங்கள். நல்லொழுக்கமுள்ள நாயை எங்கே கண்டாலும், அதனை யார் பழக்கினார் என்று அதன் சொந்தக்காரரைக் கேளுங்கள். பின்னர், பழக்குபவர் நடத்தும் பாடம் ஒன்றை நேரிற் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கவிடாதவரிடம் நாயை ஒப்படைக்க வேண்டாம். பார்க்கும்போது மனிதரை விட்டு நாய்களைக் கவனியுங்கள். வாலைக் காலிடையே ஒடுக்கி, காதுகளைச் சாய்த்து, அடிக்கடி உதட்டை நக்கும் நாய் அஞ்சுகின்ற நாய். அஞ்சுகின்ற நாய் அசையாது நிற்பதைக் கீழ்ப்படிதல் என்று மயங்கக்கூடாது.

அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பி விடையளிப்பவரை விட்டு விலகுவதே நன்று. அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளும் கவனிக்கத்தக்கவை. தடுப்பூசிப் பத்திரம் உண்டா, நாய் எங்கே உறங்குகிறது, பகலில் நிழலும் தண்ணீரும் உண்டா, வீட்டிற் குழந்தைகள் உண்டா என்று விசாரிப்பவரே தொழில் அறிந்தவர். கடிக்கின்ற நாயாயின் முதலில் வைத்தியரிடம் காட்டும்படி சொல்வார். நோவினாற் கடிக்கும் நாய்கள் பல.

"பத்து நாள் என்னிடம் விடுங்கள்; முழுதும் பழக்கித் தருகிறேன்" என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அங்கே நாய் கற்பது அவர் குரலையும் அவர் முற்றத்தையும் பற்றியே. கண்டி அஸ்கிரியவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவைப் பாருங்கள். அங்கே நாயோடு அதனைக் கையாளும் உத்தியோகத்தரும் சேர்ந்தே பயிற்சி பெறுகின்றார். பொலிஸ் நாய்க்கே இது வேண்டுமாயின் வீட்டு நாய்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நல்ல பழக்குநர் கிழமைக்கு ஒருமுறை வந்து வீட்டாரைப் பழக்குவார். நாயைப் பழக்குவது நாள்தோறும் வீட்டார் செய்யும் வேலை.

அவ்வேலை பெரிதன்று. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். தந்தை "இரு" என்றும், மகன் "சிட்" என்றும், வேலைக்கு வருபவர் சிங்களத்தில் வேறொன்றும் சொன்னால் நாய் எதனைக் கொள்ளும்? எம்மொழியாயினும் ஒரு செயலுக்கு ஒரு சொல்லை வீட்டார் யாவரும் வழங்கவேண்டும். "வா" என்று அழைத்து, வந்தபின் ஒருபோதும் தண்டிக்கக்கூடாது. பரிசுக்கு அவித்த மீனில் ஒரு சிறு துண்டு போதும். வெங்காயம் நாயின் இரத்தத்துக்கு நஞ்சாதலால், வெங்காயம் சேர்ந்த கறிமிச்சம் வேண்டாம்.

பழக்குநர் கிடையாத கிராமங்களில் இருக்கும் நேயர்கள் இதனாற் சோர்வடைய வேண்டியதில்லை. நிழல், தண்ணீர், தடுப்பூசி, ஒரு சொல், உடனடியான ஒரு பரிசு ஆகிய இவ்வைந்தும் எந்தக் குடிசையிலும் இயலும். உங்கள் நாய் சொற்கேளாதபோது, கோலை எடுக்குமுன், அதற்கு வெயிலா, நோயா, அச்சமா என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே காரணமாயிருக்கும்.