ஒரு மரத்தை வெட்ட இவ்வளவு செலவா?

தாமானில் வீடு வாங்கிய புதிதில் வாசலில் ஒரு மாங்கன்று நடுவது தமிழர் வீடுகளில் வழக்கம். நிழல் கிடைக்கும், காய் கிடைக்கும், விசேஷ நாளில் தோரணத்துக்கு மாவிலையும் கிடைக்கும். கன்றின் விலையோ சில வெள்ளிதான். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே மரம் மாடிக்கு மேல் வளர்ந்து கூரையை உரசுகிறது. பக்கத்து வீட்டுக் காருக்கு மேலே கிளையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும் வயதான பெற்றோர் காற்றும் மழையுமான இரவுகளில் தூக்கமின்றித் தவிக்கிறார்கள்.

சரி, வெட்டிவிடலாம் என்று ஆள் அழைத்து விலை கேட்கிறார்கள். ஒருவர் 600 வெள்ளி என்கிறார், இன்னொருவர் 2,500 வெள்ளி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மரத்துக்கு நான்கு மடங்கு வித்தியாசம்! இரண்டாமவர் ஏமாற்றுகிறாரா? அல்லது முதலாமவர் எதையாவது விட்டுவிட்டாரா?

வெட்டுவது எளிது, இறக்குவது கடினம்

"தோட்டத்தில் எத்தனை ரப்பர் மரம் சாய்த்திருப்போம்! இது ஒரு பெரிய வேலையா?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் மரம் விழ இடம் இருந்தது. தாமானில் ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மின்கம்பி, முன்னால் கால்வாய், பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். மரத்தை அப்படியே சாய்க்க வழியில்லை. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும்.

பச்சை மரத்தின் எடை ஏறக்குறைய அதே அளவு தண்ணீரின் எடைக்குச் சமம். 60 சென்டிமீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு கால் டன்னுக்கு மேல் இருக்கும். அது 10 மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். கார் கூரை அதைத் தாங்காது. மனிதன் எப்படித் தாங்குவான்?

ஆகவே மரத்தில் ஏறுபவர் ஒருவர், கீழே கயிற்றைப் பிடிப்பவர் ஒருவர், கிளைகளை அப்புறப்படுத்துபவர் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேராவது தேவை. சந்து அகலமாக இருந்தால் ஆளை உயரத்துக்குத் தூக்கும் வாகனத்தைக் கொண்டுவரலாம். அதற்கு இடமில்லை என்றால் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். வெட்டிய கிளைகளை ஏற்றிப் போக லோரி வேண்டும், கொட்டும் இடத்திலும் கட்டணம் உண்டு. அடிக்கட்டையைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாலும் தனிக் கணக்கு.

பட்ட மரத்துக்குக் கூடுதல் விலை

"மரம் தானாகப் பட்டுப்போகட்டும், பிறகு குறைந்த விலைக்கு வெட்டிவிடலாம்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. இது தவறான கணக்கு. உயிருள்ள மரம் ஏறுபவரைத் தாங்கும். உளுத்துப்போன மரத்தில் எந்தக் கிளை எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் அனுபவமுள்ளவர் ஏற மறுப்பார். பாரந்தூக்கியை வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். தாமதிக்கத் தாமதிக்கச் செலவு ஏறுமே தவிர இறங்காது.

கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி பெரிய மரம் ஒன்று சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார், 17 வாகனங்கள் சேதமடைந்தன. மரம் விழ ஒரு மழை போதும் என்பதை அந்த நாள் காட்டியது.

குறைந்த விலையில் எது குறைகிறது?

மீண்டும் அந்த 600 வெள்ளிக்கு வருவோம். காலில் ஜப்பான் செருப்பு, கையில் மோட்டார் ரம்பம். தலைக்கவசம் இல்லை, இடுப்பில் பாதுகாப்பு வார் இல்லை, காப்புறுதியும் இல்லை. விலை குறைந்ததற்கு இவையே காரணமாக இருக்கலாம். அப்படியானால் மிச்சமான 1,900 வெள்ளி ஒரு தொழிலாளியின் உயிரை ஈடு வைத்து மிச்சப்படுத்திய பணம். அவர் கீழே விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தால் யார் கொடுப்பது? விலை சொன்னவர் கைப்பேசியை அடைத்துவிட்டால் வீட்டுக்காரரே மாட்டிக்கொள்வார்.

வேலை கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தொழிலாளர்களுக்கு பெர்கேசோ பாதுகாப்பு உண்டா? (2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் வேலையிட விபத்துக்கு அதன் பாதுகாப்பைப் பெறுகிறார்கள்.) பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டக் காப்புறுதி உண்டா? குப்பையை அள்ளுவதும் அடிக்கட்டையும் விலையில் சேர்ந்தவையா? பதில்களை எழுத்தில் வாங்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கக்கூடாது. மரத்தை நேரில் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பவேண்டாம். கிளை மின்கம்பியைத் தொட்டால் யாரும் கை வைக்கக்கூடாது. முதலில் தெனாகா நேஷனலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அனுமதியும் வேண்டும்

"என் நிலம், என் மரம்" என்று நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். ஒரு துணி அளவுநாடா போதும். பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தவிர்ப்பதற்கும் விலக்கு உண்டு. அப்போதும் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கோலாலம்பூர், சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் நடப்பில் உள்ளன.

வெட்டத்தான் வேண்டுமா?

பெரிய மரமெல்லாம் ஆபத்தான மரமல்ல. அடிமரத்தில் காளான், தண்டில் பொந்து, கவட்டையில் வெடிப்பு, புதிதாக ஏற்பட்ட சாய்வு, வேர்ப்பக்கம் மண் விரிசல் ஆகியவையே எச்சரிக்கை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மர வல்லுநரை அழைத்துக் காட்ட வேண்டும். எதுவும் இல்லை என்றால் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தாலே போதும். அதற்காக மரத்தின் தலையை மொட்டையடிப்பது தவறு. வெட்டுவாயில் அழுகல் இறங்கும். புதிதாகக் கிளம்பும் கொம்புகள் உறுதியாகப் பற்றாமல் அடுத்த காற்றில் முறியும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதல்ல. மரம் ஏணிக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்போதே அவ்வப்போது கழித்துவந்தால் செலவு சிறிது சிறிதாகப் போகும். கைமீறி வளர்ந்த பிறகு அது மொத்தமாக ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அந்தத் தொகை ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோருக்குப் பெரும் சுமை. அடுத்த பண்டிகைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், மரத்தடியில் காரை நிறுத்தியதும் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கட்டும். அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் அவர்களே.