கிராமத் தொழிலும் அரசாங்கக் கொள்முதலும்: பதிவுச் சான்றிதழின் பயன்

பள்ளிக்கூடத்திற்குப் பெஞ்சும் மேசையும் வேண்டும். மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பும் துடைப்பமும் வேண்டும். ரயில்வேக்கு ஆணியும் மரையும் வேண்டும். அலுவலகங்களுக்குக் கோப்பு உறை முதல் எஃகு அலமாரி வரை எத்தனையோ பொருள்கள் வேண்டும். இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கும் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே. இப்பொருள்களில் பலவற்றை நம் கிராமங்களில் உள்ள தச்சுப் பட்டறைகளும், இரும்புப் பட்டறைகளும், தையற் கூடங்களும், தென்னை நார்த் தொழிற்கூடங்களும் செய்யக்கூடும். ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் அரசாங்க ஒப்பந்தப் புள்ளியின் பக்கமே திரும்புவதில்லை. பெரிய ஊர் வியாபாரி ஒருவர் ஒப்பந்தத்தைப் பெற்றுக்கொண்டு, அதே கிராமப் பட்டறையில் குறைந்த கூலிக்கு வேலையை முடித்துக்கொள்வதும் உண்டு. உழைப்பு கிராமத்தினுடையது, ஊதியத்தின் பெரும்பகுதி வேறொருவருடையது.

இந்நிலைக்குத் திறமைக் குறைவு காரணம் அன்று. சட்டம் சிறு தொழிலுக்கு அளித்துள்ள சலுகைகளைப் பற்றியும், அவற்றைப் பெறுவதற்கு வேண்டிய சான்றிதழைப் பற்றியும் போதிய செய்தி கிராமங்களை எட்டாமையே முக்கிய காரணம். ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இவற்றை அறிந்துகொண்டால், தம் ஊர்த் தொழிலாளருக்கு நேரிய வழி காட்ட இயலும்.

மூன்று வகைச் சான்றுகள்

சான்றிதழ் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை உண்மையில் மூன்று வகையின. முதல் வகை, தொழில் நடத்துபவர் யார், அத்தொழில் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவது. இரண்டாம் வகை, செய்யப்படும் பொருள் குறித்த தரத்தில் உள்ளது என்பதைக் காட்டுவது. மூன்றாம் வகை, தொழிற்கூடம் ஒழுங்கான முறையில் நடைபெறுகிறது என்பதைக் காட்டுவது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

முதல் வகையைச் சேர்ந்தது உத்யம் பதிவு. 1-7-2020 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. இயந்திர தளவாடங்களில் இட்ட முதலீட்டையும், ஆண்டு விற்றுமுதலையும் சேர்த்துப் பார்த்துத் தொழில்கள் வகைப்படுத்தப்படுகின்றன. 1-4-2025 முதல் அமலில் உள்ள வரம்பின்படி, முதலீடு 2½ கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதது குறுந்தொழில். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மேற்படாதது சிறுதொழில். அதற்கு மேல் 125 கோடி முதலீடு, 500 கோடி விற்றுமுதல் வரை நடுத்தரத் தொழில். நம் கிராமப் பட்டறைகள் ஏறத்தாழ யாவும் குறுந்தொழில் என்னும் வகுப்பிலேயே அடங்கும்.

இப்பதிவைச் செய்துகொள்ள ஆதார் எண்ணும் நிரந்தரக் கணக்கு எண்ணும் போதும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு சட்டப்படி தேவைப்படாத அளவுக்குச் சிறிய தொழிலாயின், அவ்வரி எண் இல்லாமலே பதியலாம். பத்திரங்கள் எதனையும் இணைக்க வேண்டுவதில்லை. தாமே அளிக்கும் உறுதிமொழியின் பேரில் பதிவு நடைபெறுகிறது. தனி நபர் மட்டுமன்றிக் கூட்டாளிகளும், கூட்டுறவுச் சங்கமும், மகளிர் சுய உதவிக் குழுவும் பதிவு பெறலாம். அரசாங்கம் இதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அரசாங்கத் தளம் போலத் தோன்றும் தனியார் தளங்கள் சில ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கின்றன. ஆதலின் மாவட்டத் தொழில் மையத்தையோ இ-சேவை மையத்தையோ நாடுவதே நலம். அரசாங்கத்திற்கு இதற்கெனப் பதிவுக் கட்டணம் உண்டு என்று எவரேனும் சொன்னால் நம்பலாகாது.

விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலில் பயிரிடுவது மட்டும் இச்சட்டம் கூறும் தொழில் ஆகாது. ஆனால், விளைந்த எள்ளைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுப்பதும், மிளகாயைப் பொடியாக்கிப் பொட்டலமிடுவதும், தேங்காய் மட்டையை நாராக்கிப் பாய் முடைவதும் உற்பத்தித் தொழில்களே.

கொள்முதற் கொள்கை தரும் சலுகைகள்

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் கீழ், மத்திய அரசாங்கம் 2012-ஆம் ஆண்டில் ஒரு கொள்முதற் கொள்கை ஆணையைப் பிறப்பித்தது. மத்திய அமைச்சகங்களும், துறைகளும், மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. தொடக்கத்தில் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அது 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதனுள் 4 சதவீதம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனம், நெய்வேலி நிறுவனம், தெற்கு ரயில்வே முதலியன இக்கொள்கைக்கு உட்பட்டவை. எனவே, இது டில்லியிலுள்ளோர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று.

இதனினும் மேலாக, 358 பொருள்கள் குறு, சிறு தொழில்களிடமிருந்து மட்டுமே வாங்கப்பட வேண்டும் என ஒதுக்கப்பட்டுள்ளன. துடைப்பம், முள்கம்பி, தீப்பெட்டி, எஃகு அலமாரி போன்ற எளிய பொருள்கள் பல அப்பட்டியலில் உள்ளன.

மற்றச் சலுகைகளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு மத்திய நிறுவனம் 400 மேசைகளுக்கு ஒப்பந்தப் புள்ளி கோருகிறது எனக் கொள்வோம். மதிப்பீடு 20 லட்சம் ரூபாய். பொது நிதி விதிகளின்படி முன்வைப்புத் தொகை 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். அதாவது 40,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை. வேலை கிடைக்குமா என்று தெரியாத நிலையில் இவ்வளவு பணத்தை முடக்கிவைக்கக் கிராமத் தச்சரால் இயலாது. பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு இத்தொகையிலிருந்து விலக்கு உண்டு. ஒப்பந்தப் புள்ளிப் படிவமும் இலவசமாகவே தரப்படும்.

இனி விலைக்கு வருவோம். பெரிய நிறுவனம் ஒன்று மேசை ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை கூறுகிறது. நம் தச்சர் 5,600 ரூபாய் கூறுகிறார். மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதம் என்பது 5,750 ரூபாய். தச்சரின் விலை அதற்குள் அடங்குகிறது. ஆதலின், “5,000 ரூபாய்க்கே தர உடன்படுகிறீரா?” என்று அவரைக் கேட்க வேண்டும். அவர் உடன்பட்டால் மொத்தத்தில் குறைந்தது 25 சதவீதம், அதாவது 100 மேசைகள், அவருக்குச் சேரும். அது 5 லட்சம் ரூபாய் வேலை. அவ்வாறு தகுதி பெற்றவர் பலராயின் அப்பங்கு அவர்களிடையே பகிர்ந்தளிக்கப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விலையைக் குறைத்துக்கொள்வது தச்சரின் உரிமையே தவிரக் கடமை அன்று. மரம், கூலி, மின்சாரம், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து ஒரு மேசைக்கு 5,200 ரூபாய் அடக்கம் ஆகுமானால், 5,000 ரூபாய்க்கு 100 மேசை செய்பவர் 20,000 ரூபாயைக் கையிலிருந்து இழப்பார். கேள்வி வருவதற்கு முன்பே அடக்க விலையைக் கணக்கிட்டு வைத்திருப்பவரே இச்சலுகையால் பயனடைவார். கணக்கு இல்லாதவருக்குச் சலுகையே கண்ணியாகிவிடும்.

இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு. தாமே பொருளை உற்பத்தி செய்வோர்க்கும் சேவை அளிப்போர்க்குமே இச்சலுகைகள் உரியன. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு அல்ல. 2021-ஆம் ஆண்டில் வியாபாரிகளும் உத்யம் பதிவில் சேர்க்கப்பட்டனர். ஆயினும் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்காகவே. இரண்டாவது, இக்கொள்கை பொருள்களையும் சேவைகளையும் பற்றியது. சாலை, கட்டடம் போன்ற கட்டுமான ஒப்பந்தங்களைப் பற்றியது அன்று.

மாநில அரசாங்கக் கொள்முதல்கள் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டத்தையும், 2000-ஆம் ஆண்டின் விதிகளையும் தழுவி நடைபெறுகின்றன. மத்திய சலுகை ஒவ்வொன்றும் அப்படியே இங்கும் பொருந்தும் என்று கருதாமல், அந்தந்த ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பின் நிபந்தனைகளை முழுவதும் படித்தறிய வேண்டும்.

பொருளின் தரம்

பதிவுச் சான்றிதழ் கதவைத் திறக்கும். உள்ளே நிற்கச் செய்வது பொருளின் தரமே. அறிவிப்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கப்பட்டிருந்தால், அம்முத்திரை இல்லாத பொருள் உத்யம் எண்ணைக் காட்டி ஏற்கப்பட மாட்டாது. உணவுப் பொருளாயின் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ கட்டாயம். தேன், மசாலாப் பொடி முதலியவற்றுக்கு அக்மார்க் முத்திரை நன்மதிப்புத் தரும். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது அது. முன் அனுபவம், விற்றுமுதல் பற்றிய நிபந்தனைகளைக் குறு, சிறு தொழில்களுக்குத் தளர்த்த இடம் உண்டு. ஆனால் தரத்தைத் தளர்த்த இடமில்லை. இது நியாயமே. அப்பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள் நம் குழந்தைகள் அல்லவா?

தொழிற்கூட ஒழுங்கைக் காட்டுவது ‘ஜெட்’ சான்றிதழ். குறையும் கழிவும் இன்றிப் பொருள் செய்வதே அதன் நோக்கம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று அதில் மூன்று படிகள் உண்டு. எல்லா ஒப்பந்தத்திற்கும் இது கட்டாயம் அன்று. தொழில் சற்று வேரூன்றிய பின் இதனை நாடலாம்.

2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஜெம்’ என்னும் அரசாங்க மின்சந்தையில், விற்பவர் தம் பொருளைப் படத்துடனும் விலையுடனும் பதிந்து வைக்கலாம். உத்யம் எண்ணை அங்கே இணைத்தால்தான் குறு, சிறு தொழில் என்ற தகுதி வாங்கும் அலுவலருக்குத் தெரியவரும். பதிந்தபின் மறந்துவிடாமல், புதிய கோரிக்கைகள் வந்துள்ளனவா என்று அடிக்கடி பார்த்துவர வேண்டும்.

பணம் வரும் நாள்

அரசாங்கத்திற்குச் சரக்குக் கொடுத்தால் பணம் எப்பொழுது வருமோ என்ற அச்சம் தொழிலாளரிடம் உண்டு. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இதற்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டமே மருந்து கூறுகிறது. எழுத்து மூலமான உடன்படிக்கை இருப்பின் அதிற் கண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாளும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேற்படலாகாது. உடன்படிக்கை இல்லையேல் 15 நாட்களே கெடு. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். கணக்கின் வசதிக்காக வங்கி விகிதம் 6 சதவீதம் எனக் கொண்டால், வட்டி 18 சதவீதம் ஆகும். 1 லட்சம் ரூபாய் ஓராண்டு தாமதித்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 19,560 ரூபாய். தகராறு எழுந்தால் மாநிலத்தில் இதற்கென அமைக்கப்பட்டுள்ள வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம்.

இவ்வுரிமை தடையின்றிக் கிடைப்பதற்கு, வேலையை ஏற்குமுன்பே உத்யம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். சரக்கு கொடுத்தபின் பதிந்துகொண்டவர் வழக்கில் இடர்ப்பட நேரும். சரக்கை ஒப்படைத்த அன்றே தேதியுடன் கையொப்பமிட்ட ரசீது பெறுவதும் இன்றியமையாதது. நாள் எண்ணத் தொடங்குவதற்கு அதுவே சாட்சி.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி மன்றங்களும் பொருள் வாங்குகின்றன. ஆதலின் மேற்கூறிய கெடு நமக்கும் உரியது. விளக்குக் கம்பத்திற்குக் கிளிப்பு செய்து கொடுத்த பட்டறைக்காரரை மாதக்கணக்கில் அலையவிடும் மன்றம், தன் ஊர்த் தொழிலைத் தானே நலிவிக்கிறது. அடுத்த முறை அவர் விலையைக் கூட்டிச் சொல்வார்; அல்லது வரவே மாட்டார். உரிய நாளில் பட்டியலைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை.

நம் ஊர்க்காரர் என்பதற்காக விதியை மீறி ஒப்பந்தம் வழங்குதல் கூடாது. ஆனால் விதிக்குட்பட்டுச் செய்யக்கூடியன பல. ஊரிலுள்ள தொழில்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, பதிவு பெறாதவர்களை மாவட்டத் தொழில் மையத்துடன் தொடர்புபடுத்தலாம். ஒப்பந்தப் புள்ளி அறிவிப்புகளை ஊராட்சிப் பலகையில் ஒட்டிக் கிராம சபையிலும் படித்துக் காட்டலாம். படிப்பறிவுள்ள இளைஞர் ஒருவர் வாரம் ஒருமுறை மின்சந்தையைப் பார்த்துச் சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம்.

மற்றுமொரு தீமையைத் தடுக்கும் பொறுப்பும் நமக்கு உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உள்ள ஒதுக்கீட்டைக் கவர்வதற்காக, அவர்கள் பெயரைக் கடன் வாங்கித் தொழிலைப் பிறர் நடத்தும் வழக்கம் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. பெயர் கொடுத்தவருக்குச் சிறு தொகை. வழக்கு வந்தால் பொறுப்பு முழுவதும் அவர் தலையில். கூட்டுத் தொழிலாயின் குறைந்தது 51 சதவீதப் பங்கு உண்மையிலேயே அவர்களுடையதாக இருக்க வேண்டும். சுய உதவிக் குழுச் சகோதரிகளுக்கு இதனைத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும்.

சான்றிதழ் வேலையைத் தானே கொண்டுவந்து கொடுப்பதில்லை. பணபலம் இல்லாமையால் போட்டிக்கு வெளியே நின்றவரைப் போட்டிக்குள் நிற்கவைப்பதே அதன் பயன். பின்னர் வெல்லச் செய்வன அடக்க விலை தெரிந்த கணக்கும், குறையற்ற பொருளும், சொன்ன நாளில் ஒப்படைக்கும் நாணயமுமே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளையும் நிகழ்ச்சி நிரலிற் சேர்த்து, ஊரில் எத்தனை பட்டறைகள் பதிவு பெற்றுள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அங்கிருந்து பணி தொடங்கும்.