உங்களுக்குத் தெரியுமா? பழைய ஃபோர்டின் தலைகீழ் பேட்டரி

1955 மாடல் வரை அமெரிக்க ஃபோர்டு கார்களில் இருந்தது 6 வோல்ட் பேட்டரிதான். அதிலும் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக, பாசிட்டிவ் முனைதான் சேஸிஸோடு இணைந்திருக்கும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு! செவ்ரோலெட் 1955-லும் ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறின.

கார் ஸ்டார்ட் ஆக முக்கி முனகினால், பலரும் உடனே 12 வோல்ட்டுக்கு மாற்றத் துடிப்பார்கள். அவசரம் வேண்டாம். வோல்ட் பாதியானால், அதே வேலைக்கு இரு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதற்கு விரல் பருமனில் கேபிள் தேவை. இன்றைய 12 வோல்ட் கார்களுக்கான மெல்லிய கேபிளை யாரோ போட்டுவைத்திருப்பதுதான் பல நேரம் கோளாறே. தடித்த கேபிளாக மாற்றுங்கள். அது சேஸிஸைத் தொடும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாவற்றையும் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து பாருங்கள்.